குழாய் குளிர்கிறது, காற்று சுடுகிறது

மே 12, ஞாயிறு

காலை 11 மணி. வெளியே நிழலில் 39 டிகிரி. காரின் ஜன்னல்களை மூடி, ஏசியைப் போட்டு, பத்து நிமிடம் கழித்து காற்று வரும் நடு ஓட்டையின் வாயில் வெப்பமானியைப் பிடித்தேன். 47.

ஏசி கெட்டுப்போனால் வெளிக்காற்றைத்தானே ஊத வேண்டும்? இது அதையும் தாண்டி எட்டு டிகிரி மேலே போகிறது. என் தம்பி காசி பராமரித்த வண்டி, வேறு எப்படி இருக்கும்.

இந்த நாட்குறிப்பு அரசாங்கம் கொடுத்தது. நான் எடையளவு முத்திரை ஆய்வாளர். எந்தக் கடைத் தராசு எத்தனை கிராம் ஏமாற்றியது என்று எழுத வேண்டிய பக்கங்கள். பதினாறாம் நாள் வரை விடுப்பு என்பதால் இதில் வண்டியை எழுதுகிறேன். குற்றம் எதுவானாலும் அளந்து, தேதி போட்டு எழுதினால்தான் நிற்கும்.

நடந்ததையும் எழுதிவிடுகிறேன். வியாழக்கிழமை காலை தென்காசியிலிருந்து காசி போன் செய்தான். அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது, எழுந்து நடக்க முடியவில்லை என்றான். மதுரைக்குக் கொண்டு வரச் சொன்னேன். இங்கே எனக்குத் தெரிந்த டாக்டர் இருக்கிறார். பத்தரைக்குப் புறப்பட்டவன் இரண்டே முக்காலுக்கு ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றான். ஜன்னல் எல்லாம் மூடியிருந்தது. அவன் சட்டையைப் பிழிந்தால் அரைக் குடம் வந்திருக்கும். பின்சீட்டில் அம்மா. உயிர் இல்லை என்றார்கள். டாக்டர் அம்மாவின் தாடையைத் தொட்டுப் பார்த்து ஏதோ யோசித்தார். பிறகு, "உடம்பு இவ்வளவு சூடா இருக்கே. வெயில்லயே வந்தீங்களா?" என்று கேட்டார்.

நானும் தொட்டேன். நெற்றி கொதித்தது. உள்ளங்கை கொதித்தது.

நேராக வண்டிக்குப் போய் ஸ்டார்ட் செய்தேன். சுடுகாற்று முகத்தில் அடித்தது. டாஷ்போர்டில் இருக்கிற திருகுகளை எல்லாம் குளிர் காட்டும் நீலத்துக்கும் முழு வேகத்துக்கும் திருப்பினேன். ஒன்று இறுகிப்போய் இருந்தது, பலம் கொடுத்துத் திருப்பினேன். அப்புறமும் சுடுகாற்றுதான்.

"ஏசி இல்லாத வண்டியிலயால அம்மாவக் கொண்டாந்த? அதுவும் கத்திரி வெயில்ல, நாலு மணி நேரம்?" என்று வாசலில் வைத்தே கேட்டேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"அண்ணே, நான்..." என்று ஏதோ சொல்ல வந்தான். கேட்கும் நிலையில் நான் இல்லை.

எங்கள் பக்கம் அப்பாவுக்கு மூத்தவன், அம்மாவுக்கு இளையவன் கொள்ளி வைப்பது வழக்கம். வெள்ளிக்கிழமை தென்காசிச் சுடுகாட்டில் காசி குடத்தைத் தோளில் ஏற்றிவிட்டான். அதை நான் இறக்கினேன். "இவன் கையால வேண்டாம்" என்றேன். சொந்தம் அத்தனையும் நின்றது. யாரும் வாயைத் திறக்கவில்லை, காசியும் திறக்கவில்லை. நான்தான் சுற்றி வந்து கொள்ளி வைத்தேன்.

நேற்று சாம்பல் கரைத்த கையோடு வண்டியை எடுத்துக்கொண்டு மதுரைக்கு வந்துவிட்டேன். வண்டி என் பெயரில்தான் இருக்கிறது. அம்மா கோயில் குளத்துக்குப் போய்வர என்று பதினோரு வருஷத்துக்கு முன் நான் வாங்கிக் கொடுத்தது. கல்யாணம் கட்டாமல் அம்மாவோடேயே இருந்தவன் என்பதால் காசி ஓட்டினான். பார்த்துக்கொள்ள வேண்டியது ஒரே ஒரு வண்டி, ஒரே ஒரு அம்மா.

மே 13, திங்கள்

பைபாஸ் ரோட்டில் கேஸ் நிரப்பும் கடை. ஏசியில் ஓடும் கேஸ் குறைந்தால் குளிராதாம். பையன்கள் யாரும் இல்லை, முதலாளியே செய்தார். பழைய கேஸை இறக்கி அளக்கச் சொன்னேன். அளவு சரியாகவே இருந்தது. ஆனாலும் புதிதாக நிரப்பினார்.

"எத்தனை நாளா கெட்டிருக்கும்?" என்று கேட்டேன்.

"அது எப்படி சார் சொல்றது."

"மாசக்கணக்கா?"

"இருக்கும் சார், இருக்கும்."

குறித்துக்கொண்டேன்: மாசக்கணக்கில். திரும்பும்போது சிக்னலில் வெப்பமானியைப் பிடித்தேன். 46.

மே 14, செவ்வாய்

காசி இரண்டு முறை அழைத்தான். எடுக்கவில்லை.

மே 16, வியாழன்

அம்மா போய் ஒரு வாரம்.

வண்டியின் பின்பக்கத்தைச் சுத்தம் செய்தேன். ஒரு கம்பளி, அதற்குள் சுருட்டிய அம்மாவின் சிவப்பு ஸ்வெட்டர். சபரிமலைக்குப் போகிறவர்கள் மாதிரி இந்த மே மாதத்தில் கம்பளி! சீட்டில் மெத்தையாகப் போட்டிருப்பான் போல. வேர்த்து மூச்சுத் திணறுகிறவளுக்குக் கம்பளி மெத்தை. அவன் புத்தி எப்போதுமே அப்படித்தான்.

ஸ்வெட்டரைத் துவைக்கப் போட எடுத்தேன். சாதிக்காய் தைல வாசனை. போடாமல் அலமாரியில் வைத்துவிட்டேன்.

என் மனைவி செண்பகம் பார்த்துக்கொண்டே இருந்தாள். "கொள்ளி வச்சவரு பதினாறு முடியாம வீட்ட விட்டு வரலாமா? அங்க கொழுந்தப்பிள்ள ஒத்தையில கெடக்காரு" என்றாள்.

"அவனோட ஒரே கூரைக்குக் கீழ என்னால இருக்க முடியாது."

"இங்க மட்டும் கூரைக்குக் கீழயா இருக்கிய? விடிஞ்சா அடைஞ்சா அந்தக் காருக்குள்ளதான கெடக்கிய."

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. வண்டி கெட்டிருந்தது எத்தனை நாள் என்று தெரிய வேண்டும். ஒரு நாள் என்றால் அது விபத்து. ஒரு மாசம் என்றால் அவன்தான் அம்மாவைக் கொன்றான்.

மே 18, சனி

இரண்டாவது பட்டறை, காளவாசலில். முன்னால் ரேடியேட்டருக்கு முன் நிற்கும் வலையில் தூசி, செத்த தட்டான் பூச்சிகள். தண்ணீர் பீய்ச்சிக் கழுவினார்கள். விசிறி ஓடுகிறது. கம்ப்ரஸர் ஓடுகிறது. கேஸ் இருக்கிறது. "எல்லாம் நல்லா இருக்கு சார், ஆனா சூடா வருது" என்றான் மெக்கானிக். இதைத்தான் நானும் சொல்கிறேன், ஒரு வாரமாக.

கம்ப்ரஸரை மாற்றிப் பார்க்கலாமா என்றான். ஓடுகிறது என்று அவன் வாயாலேயே சொன்னதை எதற்கு மாற்றுவது? பார்த்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

மாலை 4 மணி. 49. இதுவரை இதுதான் அதிகம். ஜன்னலை மூடிக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். மார்பு படபடத்தது. அம்மாவுக்கு எழுபத்து நாலு வயது. நாலே கால் மணி நேரம்.

மே 19, ஞாயிறு

பழைய போன் அழைப்புகளை அழிக்க உட்கார்ந்தேன். ஒன்பதாம் தேதி 11.52க்கு காசி அழைத்திருக்கிறான். வழியிலிருந்து. அப்போது நான் ஒரு கோழிக்கடையில் எடைக்கற்களைச் சோதித்துக்கொண்டிருந்தேன். ஒரு கிலோ கல்லில் இருபது கிராம் குறைந்தது. கடைக்காரன் கத்தினான், நானும் கத்தினேன், போனை எடுக்க முடியவில்லை. திரும்ப அழைக்க நினைத்தேன். வந்து சேர்ந்துவிடுவான்தானே என்று விட்டுவிட்டேன்.

செண்பகம் சாப்பிடும்போது சும்மா கேட்பதுபோலக் கேட்டாள், "அன்னைக்கு திர்நெவேலிக்குக் கொண்டு போயிருந்தா ஒண்ணேகால் மணி நேரம்தான, இல்ல?"

திருநெல்வேலியில் எனக்கு யாரையும் தெரியாது. தெரியாத ஆஸ்பத்திரியில் வரிசையில் நிற்க வைப்பார்கள். மதுரை என்று சொன்னது சரியான முடிவுதான். வண்டி ஒழுங்காக இருந்திருந்தால்.

குழம்பில் உப்பு அதிகம். சொன்னேன்.

மே 24, வெள்ளி

தென்காசி. பதினாறாம் நாள் காரியம். பஸ்ஸில் போனேன்.

ஐயர் சொன்னபடி எல்லாம் செய்தேன். காசி பந்தலின் ஓரத்தில் நாற்காலிகளை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தான், கூலிக்கு வந்தவன் மாதிரி. தாடி வளர்ந்திருந்தது. கன்னம் ஒட்டிவிட்டது. அவன் பெயிண்ட் கடை அன்றிலிருந்து திறக்கவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார்.

சாப்பாட்டுப் பந்தி முடிந்ததும் என் பக்கத்தில் வந்து நின்றான்.

"அண்ணே, அந்த வண்டி..."

"மூணு பேர் பாத்தாச்சு. மாசக்கணக்கா கெட்டிருக்குன்னு சொல்லிட்டாங்க." இரண்டு பேர்தான். ஒருவர்தான் சொன்னார். அதுவும் நான் எடுத்துக்கொடுத்து.

அவன் என்னைப் பார்த்தான். கோபம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை. இரக்கம் மாதிரி ஒன்று இருந்தது. அதைப் பார்க்க எனக்கு எரிச்சலாக வந்தது.

"சரிண்ணே" என்று சொல்லிவிட்டு இலைகளை எடுக்கப் போய்விட்டான்.

மே 25, சனி

45.

மே 27, திங்கள்

மூன்றாவது பட்டறை. காஜிமார் தெருப் பக்கம், ஹாஜா பாய் என்பவர். அறுபது வயதிருக்கும், நின்றால் முதுகு நேராகாது. என் நாட்குறிப்பை வாங்கி, நான் எழுதிய அளவுகளை எல்லாம் ஒன்றுவிடாமல் படித்தார். இதுவரை ஒரு மெக்கானிக்கும் அதைக் கேட்கவில்லை.

"வெளிய முப்பத்தொம்போது. உள்ள நாப்பத்தேழு. இது எப்படி சார்? கெட்டுப்போன ஏசி குளிராது, சரி. சூடு எப்படிக் கொடுக்கும்?"

பானட்டைத் திறந்து என் கையைப் பிடித்து ஒரு குழாயின் மேல் வைத்தார். சில்லென்றிருந்தது. வெளியே நீர் முத்து முத்தாகக் கோத்திருந்தது.

"குழாய் ஐஸா இருக்கு. உங்க ஏசி நல்லா வேலை செய்யுது சார். சூடு வேற எடத்துல இருந்து வருது."

டாஷ்போர்டின் இடது பக்கத்தைக் கழற்றினார். டார்ச் அடித்துக் காட்டினார். உள்ளே உள்ளங்கை அகலத்தில் ஒரு சின்னக் கதவு. ஒரு பக்கம் திறந்தால் ஏசிக் காற்று. மறுபக்கம் திறந்தால் இன்ஜின் சூடு. முன்னால் இருக்கிற நீலம்-சிவப்புத் திருகு ஒரு கம்பியால் அந்தக் கதவை இழுக்கிறது. கம்பி கொக்கியிலிருந்து கழன்று தொங்கியது. கதவு சூட்டுப் பக்கம் முழுசாகத் திறந்தபடி நின்றது. அதனால் திருகு நீலத்தைக் காட்டுகிறது, காற்று சூடாக வருகிறது.

"ஹீட்டர் சார். யாரோ ஹீட்டர் போட்டிருக்காங்க." சிரித்துவிட்டார். "நாப்பது வருசத் தொழில்ல, அக்னி நட்சத்திரத்துல ஹீட்டர் போட்ட ஆளை இப்பத்தான் பாக்குறேன். நம்ம ஊர்ல பாதிப் பேருக்கு வண்டியில ஹீட்டர் இருக்குறதே தெரியாது. அதான் எவனும் அந்தப் பக்கம் பாக்கல."

"எத்தனை நாளா?"

"கடைசியாத் திருப்புன அன்னையில இருந்துதான் சார். ஹீட்டர் போட்டதால கெடல. வருசக்கணக்கா யாரும் தொடாத திருகு, கம்பி இறுகிக் கெடந்திருக்கு. சிவப்புக்குக் கொண்டுபோனவரு பதறாம மெதுவாக் கொண்டுபோயிருக்காரு. கதவு ஒழுங்காத்தான் தெறந்திருக்கு. அதுக்கப்புறம் நீலத்துக்குத் திருப்புனாரு பாருங்க, அவருதான் முரட்டு ஆளு. ஒரே முறுக்கு. கொக்கி தெறிச்சிருச்சு."

கம்பியை மாட்டினார். இரண்டு நிமிட வேலை. குளிர்காற்று வந்தது. வெப்பமானியைக் காட்டச் சொன்னார். நான் நீட்டியதை அவரே வாங்கிப் பிடித்தார். 11.

மே 28, செவ்வாய்

ஒரு தராசில் கை வைக்குமுன் முள் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். இருபத்தெட்டு வருஷமாகப் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லிக்கொண்டிருப்பது இதுதான். ஆஸ்பத்திரி வாசலில் அந்தத் திருகு எங்கே நின்றது என்று நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால், நான் முறுக்குமுன் அது சிவப்பில் நின்றது தெரிந்திருக்கும்.

கம்பளி. ஸ்வெட்டர். மூடிய ஜன்னல்.

அம்மாவுக்குக் குளிரெடுத்திருக்கிறது.

மே 30, வியாழன்

மூன்று முறை காசியின் எண்ணை எடுத்தேன். என்ன சொல்லித் தொடங்குவது?

ஜூன் 1, சனி

அதிகாலையில் புறப்பட்டு வண்டியிலேயே தென்காசி போனேன். புளியங்குடி தாண்டியதும் வானம் மூடிக்கொண்டது. கடையநல்லூரில் சாரல் ஆரம்பித்துவிட்டது. ஏசிக்கே வேலை இல்லை.

காசி வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தான். வண்டியைப் பார்த்ததும் விளக்குமாற்றைச் சாத்திவிட்டு, "வாங்கண்ணே. மைனி வரலியா?" என்றான். காப்பி போட்டான். அம்மாவின் டம்ளரை எனக்கு எடுத்தவன், மறுபடி உள்ளே வைத்துவிட்டு வேறு எடுத்து வந்தான்.

"ஹீட்டர் போட்டியா காசி?"

அவன் காப்பியை ஆற்றிக்கொண்டே இருந்தான்.

"கண்டுபிடிச்சிட்டியளா" என்றான்.

அப்புறம் அவனாகச் சொன்னான். நான் அவன் சொன்னபடியே எழுதுகிறேன்.

"கடையநல்லூர் தாண்டயிலயே குளுருது எய்யான்னா. ஏசிய அமத்துனேன். கண்ணாடிய ஏத்தச் சொன்னா. ஸ்வெட்டர் போட்டேன், கம்பளி சுத்துனேன், அப்பயும் பல்லு அடிக்கி. இதுல ஹீட்டர் உண்டும்னு வாங்கயில நீங்கதான சொன்னிய, அது ஞாபகம் வந்துது. மெள்ளமா திருப்புனேன். சூடு வந்த பெறவு, இப்ப நல்லாருக்குய்யான்னு சொன்னா. கண்ண மூடிக்கிட்டா. தூங்குதான்னு நெனச்சேன்."

மழை கூரையில் தட்டியது. அவன் எழுந்துபோய்க் கொடியில் கிடந்த துணிகளை எடுத்துப் போட்டுவிட்டு வந்தான்.

"சிவகிரி பஸ் ஸ்டாண்டுகிட்ட கையத் தொட்டுப் பாத்தேன். சில்லுன்னு இருந்துது. ஓரங்கட்டிட்டு உங்களுக்குப் போன் போட்டேன். இங்கயே எங்கயும் காட்டட்டுமா, இல்ல வரட்டுமான்னு கேக்க. நீங்க எடுக்கல. மதுரன்னு சொல்லியிருக்கியள்லா, சரின்னு வந்தேன். ஹீட்டர முழுசா வச்சேன். ராஜபாளையத்துல தொட்டுப் பாத்தேன், கை சூடா இருந்துது. ஆஹா, அம்மாவுக்குச் சரியாயிட்டுன்னு நெனச்சிட்டேன் அண்ணே. அந்தச் சூட்ட நம்பித்தான் மதுர வரைக்கும் வந்தேன். பேசிக்கிட்டே வந்தேன்."

டம்ளரைக் கீழே வைத்தேன்.

"இத ஏன்ல அன்னைக்கே சொல்லல? அத்தன பேரு முன்னால கேட்டனே. குடத்த எறக்குனனே. அப்பவாவது வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்லா?"

காசி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"சிவகிரின்னு சொன்னா நீங்க தூரத்த அளப்பியளே அண்ணே."

நான் அழுதேன். அவன் அழவில்லை. எல்லாவற்றையும் முன்பே முடித்துவிட்டவன் மாதிரி பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். கொள்ளி நீ வைத்திருக்க வேண்டியது என்று சொல்ல வந்தேன். பாதிதான் வந்தது. "அத விடுங்க" என்றான். "காப்பி ஆறிட்டு, வேற போடுதேன்" என்று உள்ளே போனான்.

ஜூன் 2, ஞாயிறு

காலையில் தென்காசியிலிருந்து புறப்படும்போது தூரம் காட்டும் மீட்டரைப் பூஜ்யத்தில் வைத்தேன். வைக்காமல் இருக்க என்னால் முடியவில்லை. காசி பார்த்துவிட்டான். கதவை மெதுவாகச் சாத்தினான்.

தென்காசியிலிருந்து சிவகிரி பஸ் ஸ்டாண்டு: 56 கிலோமீட்டர்.

தென்காசியிலிருந்து திருநெல்வேலி: 55.

அவன் சரியாக எந்த இடத்தில் நிறுத்தினான் என்று தெரியாது. ஒரு புளியமரத்தடியில் நிறுத்திக் கொஞ்ச நேரம் இருந்தேன். பிறகு ஜன்னல்களை ஏற்றினேன். ஏசியை அணைத்தேன். அந்தத் திருகை மெதுவாக, கொக்கி நோகாமல், சிவப்புப் பக்கம் கடைசி வரை கொண்டுபோனேன். மதுரை வரை அப்படியே வந்தேன்.

வெப்பமானியை எடுக்கவில்லை.